ஹாலின் லேனில் வண்டிகள்: பூஜ்யம்

ஆவ்ரில் ட்ரான்ட்டருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். கிளன்பாச் தொடக்கப் பள்ளியின் சமையலறையில் முப்பத்தோரு வருஷம் இருந்தவள். தட்டில் காரட்டை ஒதுக்கிவிட்டு எழுந்த பிள்ளைகள் அவள் அதட்டலைச் சட்டை செய்ததில்லை. அந்தக் குரல் தணிந்து தணிந்து, காதோடு பேசுகிற மாதிரி ஆகும்போதுதான் திரும்பி வந்து உட்கார்ந்து மென்றார்கள்.

அந்தப் பிப்ரவரி செவ்வாய்க்கிழமை, ஆஷ்வர்டைன் பக்கத்து மேட்டில், ஹாலின் லேன் பிரிகிற இடத்துக் கைகாட்டியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அவள் நின்றபோது, குரல் அவளுக்கே கேட்காத அளவுக்குத் தாழ்ந்துவிட்டது. கைகாட்டியின் காலில் ஒரு மஞ்சள் காகிதம், மழைக்குப் பிளாஸ்டிக் உறை போட்டுக் கட்டப்பட்டிருந்தது. இந்தச் சாலையைப் பொதுவழி என்ற நிலையிலிருந்து நீக்கும்படி கவுன்சிலின் சாலைத் துறை மாஜிஸ்திரேட்டுகளிடம் மனுப் போடுகிறதாம். காரணம், சாலை தேவையற்றது.

தேவையற்றது. கையுறையைக் கழற்றி, உறைமேல் இருந்த மழைத்துளிகளைத் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தாள். துளிகளுக்கு அடியிலும் அதே சொல்தான் இருந்தது.

"யாருக்கு?" என்று கைகாட்டியிடம் கேட்டாள்.

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு காறை எலும்பு இருக்கிறது. முப்பத்தோரு வயதில், ஆஷ்வர்டைனிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு மெயின் ரோட்டில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தாள். குவாரி லாரி ஒன்றின் பக்கவாட்டுக் கண்ணாடி அவள் இடது தோளைத் தட்டிவிட்டுப் போனது. லாரி நிற்கவில்லை. பள்ளத்தில் கிடந்தபடி, சைக்கிளின் பின்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் வாக்குமூலம் வாங்க வந்த போலீஸ்காரர் நல்ல மனிதர்தான், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "அந்த நேரத்துல அந்த ரோட்டுல உங்களுக்கு என்னம்மா வேலை?"

எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிட்டது. அந்தக் கேள்வி கூடவில்லை. இருநூறு குழந்தைகளுக்கு மதியச் சாப்பாடு சமைக்கப் போகிறவளிடம், ரோட்டில் உனக்கு என்ன வேலை என்று கேட்பது எப்படி? கண்ணாடி வைத்திருந்தவனிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லையே.

கை கட்டிலிருந்து வெளியே வந்ததும் அவள் செய்த முதல் காரியம், ஷ்ராப்ஷயர் கவுண்டியின் தெற்கு மூலை வரைபடத்தைச் சமையலறை மேஜையில் விரித்து, மெயின் ரோடுகளைத் தொடாமல் ஊருக்கு ஊர் போக முடியுமா என்று பென்சிலால் தேடியது. வரைபடத்தில் மெல்லிய மஞ்சள் கோடாக இருக்கிற எல்லாம் அமைதியான சாலை ஆகிவிடாது என்று சீக்கிரம் தெரிந்துகொண்டாள். பால் லாரி போகும் சாலை, வேலைக்குப் போகிறவர்கள் குறுக்கு வழியாகப் பறக்கும் சாலை, சனிக்கிழமை குதிரைப் பந்தயத்துக்கு வழி தேடுகிறவர்கள் நுழைந்துவிடும் சாலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ரகசியக் கெட்ட பழக்கம் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி உட்கார்ந்து பார்ப்பது.

உட்கார்ந்தாள். வயல் கேட்டின்மேல் ஏறி, ஃபிளாஸ்க்கைப் பக்கத்தில் வைத்து, சீஸ் சாண்ட்விச்சை மடியில் வைத்து, சரியாக ஒரு மணி நேரம். சாதாரண நாளில் காலை ஒரு தடவை, சனிக்கிழமை மதியம் ஒரு தடவை, அறுவடை மாதத்தில் ஒரு தடவை. கார், வேன், டிராக்டர், லாரி எது போனாலும் சிவப்பு அட்டை நோட்டில் ஒரு கோடு. மூன்று தடவையில் ஏதாவது ஒன்றில் ஐந்துக்கு மேல் போனால் அந்தச் சாலை தள்ளுபடி. கிளன்பாச் வீலர்ஸ் சைக்கிள் சங்கத்தில் இதற்கு "ஆவ்ரிலின் மணி" என்று பெயர் வைத்துக் கேலி செய்தார்கள். கேலி செய்துகொண்டே அவள் வகுத்த பாதைகளில் போனார்கள். ஏனென்றால் அவள் பின்னால் போனால் பேச்சு நடுவில் அறுபடாது. பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு, ஒருவர் மருமகளைப் பற்றி ஆரம்பித்ததை அடுத்த ஊர்த் தேநீர்க் கடையில்தான் முடிக்கலாம்.

முப்பத்தேழு வருஷத்தில் இருபத்திரண்டு நோட்டுகள், பதினோரு பாதைகள். அவற்றில் ஏழு ஹாலின் லேன் வழியாகப் போயின. வேறு வழியில்லை. ஆஷ்வர்டைனுக்கும் கிளன்பாச்சுக்கும் நடுவில் குன்று இருக்கிறது. அதைத் தாண்ட இரண்டே வழி: ஒன்று இந்த இரண்டு மைல் லேன், இன்னொன்று அவளைப் பள்ளத்தில் தள்ளிய அதே மெயின் ரோடு. இருபுறமும் முள்ளிலை ஹாலி மரங்கள் மேலே கைகோத்திருக்கும். நடுவில் ஒரு சாண் புல் முளைத்திருக்கும். நவம்பரிலும் இலை உதிராத பச்சை இருட்டு. தன் பாதைகளை விவரித்து அவள் ஊர் நூலகத்தில் வைத்திருந்த துண்டுப் பிரசுரத்தில், ஹாலின் லேனுக்கு நேராக அவளே எழுதி, அவளுக்கே மிகவும் பிடித்துப்போன வரி ஒன்று இருந்தது: "இங்கே யாரும் வருவதில்லை. கடவுளுக்கு நன்றி."

மஞ்சள் காகிதத்தைப் பார்த்த மறுநாளே அவள் இருபத்திரண்டு நோட்டுகளையும் சைக்கிள் பைகளில் அடைத்துக்கொண்டு கவுன்சில் அலுவலகத்துக்குப் போனாள். சாலைத் துறையில் கோலின் பெட்ஸ் என்ற மெலிந்த மனிதர் அவளை உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கவுண்டியிலேயே இதைவிடச் சுத்தமான சாலை கிடையாது, எண்கள் பேசும் என்றாள் அவள். எண்கள் பேசத்தான் செய்கின்றன என்று பெட்ஸ் ஒத்துக்கொண்டார். ஹாலின் லேன் பக்கங்களை எல்லாம் நகல் எடுத்துக்கொள்ளலாமா என்று மிகவும் பணிவாகக் கேட்டார். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவளே பக்கங்களை நகல் இயந்திரத்தின் கண்ணாடிமேல் பிடித்துக்கொடுத்தாள்.

அடுத்த வாரம் ஆஷ்வர்டைன் ஊர் மண்டபத்தில் கூட்டம். மண்டபத்துக்குப் புதுக் கூரை. போட்டுக்கொடுத்தவர் பியர்ஸ் ஆல்டர்சன், லண்டனிலிருந்து வந்து ஹாலின் கோர்ட் என்ற பெரிய வீட்டை வாங்கி, அதன் வைக்கோல் கொட்டகையைக் கல்யாண மண்டபமாக்கியவர். ஹாலின் லேனை நீக்கச் சொல்லிக் கவுன்சிலைக் கேட்டுக்கொண்டவரும் அவர்தான். ஆகவே ஊர்க் குழுவில் ஒருவருக்கும் ஆட்சேபணை இல்லை; கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே கைதூக்கினார்கள். மழை பெய்துகொண்டிருந்தது, ஒரு சொட்டு ஒழுகவில்லை.

கூட்டம் முடிந்து ஆல்டர்சன் நேராக அவளிடமே வந்தார். மனிதர் கோபப்படவே மாட்டார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கல்யாணப் படங்கள் எடுக்க அந்த ஹாலி மர வளைவுதான் இடம் என்று விளக்கினார். மணப்பெண் மரத்தடியில் நிற்கும்போது பின்னால் மஞ்சள் சட்டை போட்ட நாலு பெரியவர்கள் முழங்கால் தெரிய மூச்சுவாங்கிக்கொண்டு போனால் படம் என்ன ஆவது என்று சிரித்தார். சைக்கிள்காரர்களை அவர் விரட்டப்போவதில்லை. கேட் போட்டாலும் தன் அனுமதியோடு போகலாம். கல்யாணம் இல்லாத நாட்களில் மட்டும்.

"கல்யாணம் இல்லாத நாள் எது?" என்று ஆவ்ரில் கேட்டாள்.

"திங்கள்லேர்ந்து வியாழன் வரை. பெரும்பாலும்."

"நாங்க போறது ஞாயிறு."

"அதைக் கொஞ்சம் மாத்திக்கலாமே. உங்களுக்கெல்லாம் நேரம் இருக்குமில்லையா?"

அவள் பதில் சொன்னாள். குரல் தாழ்ந்துபோனதால் அவருக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற டெஸ்மண்ட் ப்யூவுக்குக் கேட்டது. அவன் இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டான்.

டெஸ்மண்ட் பழைய ரயில்வே சிக்னல்காரன், எழுபத்து நாலு வயது, சங்கத்தின் பொருளாளன், வாயாடி. ஏப்ரல் மாதம் ஆல்டர்சனின் வக்கீல் அனுப்பிய கட்டு, ஆட்சேபணை எழுதிப் போட்டிருந்த அவள் வீட்டுக்கு வந்த அன்று, அவள் கூப்பிட்டு அவன் வந்தான். கவுன்சில் மனுவுக்கு ஆதாரமாக வைத்திருந்த தாள்களை மேஜையில் பரப்பினாள். அத்தனையும் அவளுடைய கையெழுத்து. ஹாலின் லேன், புதன், பூஜ்யம். ஹாலின் லேன், சனி, பூஜ்யம். ஹாலின் லேன், அறுவடை, ஒன்று, டிராக்டர். முப்பத்தேழு வருஷப் பூஜ்யங்கள், மஞ்சள் மை அடித்து, ஒன்றன்கீழ் ஒன்றாக. கடைசித் தாளில் துண்டுப் பிரசுரத்தின் அந்த வரி, பெரிதாக்கி.

டெஸ்மண்ட் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முழுவதும் படித்தான்.

"பிரமாதம், தாயே. கத்தியையும் நீயே கொடுத்து, குத்த வேண்டிய இடத்தையும் சாக்பீஸால வட்டம் போட்டுக் காட்டிட்டு வந்திருக்க."

"அமைதியா இருக்குன்னுதானே எழுதினேன்."

"எழுதினது எங்கே? பூஜ்யம்னு போட்டிருக்க. நம்ம சங்கம் மாசம் நாலு தடவை அந்த வழியா போகுதே, அது எந்த நோட்டுல இருக்கு?"

எந்த நோட்டிலும் இல்லை. கேட்டில் உட்கார்ந்திருந்த அத்தனை மணி நேரத்திலும் அவள் முன்னால் சைக்கிள்கள் போயிருக்கின்றன, குதிரைகள் போயிருக்கின்றன, நாயோடு நடப்பவர்கள் நின்று சாண்ட்விச்சில் பாதி வாங்கித் தின்றிருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் அவள் கை அசைத்தாள். கோடு போடவில்லை. அவர்கள் போக்குவரத்து என்றே அவளுக்குத் தோன்றியதில்லை.

இரண்டு நாள் அவள் சைக்கிளைத் தொடவில்லை. கோபம் இப்போது எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் வீட்டுக்குள்ளேயே நடந்தது. பிறகு ஒரு கணத்தில், பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது, அது சரியான பக்கம் திரும்பியது. ஒரு சாலையில் சத்தம் கேட்டால்தான் அதில் மனிதர் இருக்கிறார்கள் என்று எந்தப் புத்தியுள்ளவன் முடிவு செய்தான்? புகை விட்டால்தான் ஒருவன் பயணியா? ஈரக் கையோடு டெஸ்மண்டைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"உன் கராஜ்ல இருக்கற தகர டப்பாக்களை எரிச்சுட்டியா?"

"எரின்னு நீ இருபது வருஷமா சொல்றே. நான் சிக்னல்காரன், எந்தக் காகிதத்தையும் எரிக்க மாட்டேன்."

அந்த டப்பாக்களின் கதை இது. ஒவ்வொரு ஏப்ரல் முதல் ஞாயிறும் சங்கம் ஒரு சுற்று நடத்தும், அறுபது மைல், ஊர் ஊராக ஆட்கள் வருவார்கள். பந்தயம் கிடையாது, பரிசு கிடையாது. ஆனாலும் குறுக்கே புகுந்து பாதி தூரத்தை விழுங்கிவிட்டு முதல் ஆளாக வந்து கேக் தின்னும் ஜாதி உண்டு. அதனால் ஒவ்வொருவர் கையிலும் ஒரு அட்டை கொடுப்பார்கள். அதில் கேள்விகள் இருக்கும். நேரில் போனால்தான் பதில் தெரியும். ஹாலின் லேனின் நடுவில் பாழடைந்த தண்ணீர்ப் பம்பு அறை ஒன்று, மரக்கதவோடு. "பம்பு அறைக் கதவு என்ன நிறம்?" என்பது வருஷா வருஷம் கேள்வி. கேள்வி மாறாது, பதில் மாறும். சுற்றுக்கு முந்தின நாள் டெஸ்மண்ட் போய்க் கதவுக்குப் புது நிறம் அடித்துவிட்டு வருவான், ஊரில் யார் வீட்டில் பெயிண்ட் மிச்சமோ அந்த நிறம். போன வருஷ அட்டையைப் பார்த்து எழுதுகிறவன் அங்கேயே மாட்டிக்கொள்வான். திரும்பி வந்த அட்டைகளை டெஸ்மண்ட் வருஷவாரியாகக் கட்டி, பள்ளிச் சமையலறையிலிருந்து ஆவ்ரில் கொண்டுவந்த பெரிய பிஸ்கட் டப்பாக்களில் போட்டு வைத்தான். கால்நடை நோய் வந்து கிராமச் சாலைகளை அடைத்த வருஷமும், கொரோனாவின் இரண்டு வருஷங்களும் நீங்கலாக, முப்பது ஏப்ரல்கள். இருவரும் மூன்று நாள் உட்கார்ந்து எண்ணினார்கள். மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாலு அட்டைகள்.

மே மாதம் வழக்கு. நகரத்து நீதிமன்றத்தின் மாடி அறை, அணைக்க முடியாத ஹீட்டர், மூன்று மாஜிஸ்திரேட்டுகள். தலைமை தாங்கியவர் மிஸஸ் ஓல்டேக்கர், மருந்துக்கடை நடத்தி ஓய்வு பெற்றவர், எதையும் மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல இரண்டு தடவை படிப்பவர். ஆல்டர்சனின் வக்கீல் மிஸ் ஹாவர்த் இளவயதுக்காரி. ஆவ்ரிலைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, நகல் தாளை மென்மையாக நீட்டினாள்.

"இது உங்க கையெழுத்துதானே, மிஸஸ் ட்ரான்ட்டர்? கொஞ்சம் படிச்சுக் காட்டறீங்களா?"

ஆவ்ரில் படித்தாள். புதன், பூஜ்யம். சனி, பூஜ்யம். வக்கீல் நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு பக்கம் முழுவதும் அவளைக் கொண்டே பூஜ்யம் பூஜ்யமாகச் சொல்லவைத்தாள். அறையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

"இந்த வட்டாரத்துலேயே இந்தச் சாலையை உங்களைவிட அதிகமாக் கவனிச்சவங்க யாரும் இல்ல. சரிதானே? நீங்களே எழுதியிருக்கீங்க: 'இங்கே யாரும் வருவதில்லை.'"

"யாரும்னா கார்காரங்க."

"கார்காரங்கன்னு எழுதலையே."

"என் பிரசுரத்தைப் படிக்கிறவங்க சைக்கிள்ல இருப்பாங்க. தன்னைத் தவிரன்னு அவங்களுக்கே புரியும்."

"ஆக, ஆட்கள் போனாங்க, ஆனா நீங்க ஒருத்தரைக்கூட எழுதி வைக்கலை. ஏன்?"

ஆவ்ரிலின் குரல் இறங்கியது. மிஸஸ் ஓல்டேக்கர் முன்னால் சாய்ந்தார்.

"புதுசா ஒரு வீட்டுக்குப் போறவ, வாசல்ல கடிக்கிற நாய் எத்தனைன்னு பாப்பா. உள்ள எத்தனை மனுஷங்கன்னு எண்ண மாட்டா. நான் எண்ணினது நாயை. என்னை ஒரு தடவை கடிச்சிருக்கு, அதனால எண்ணினேன். நாய் இல்லேன்னு எழுதி வெச்சா, வீட்டுல ஆளே இல்லேன்னு பூட்டுப் போட வந்திருக்கீங்க."

பிறகு டப்பாக்கள் வந்தன. டெஸ்மண்ட் அவற்றைத் தள்ளுவண்டியில் வைத்து, ஞாயிற்றுக்கிழமைக் கோட்டோடு தள்ளிக்கொண்டு வந்தான். மிஸஸ் ஓல்டேக்கர் தானே ஒரு டப்பாவைத் திறந்து அட்டைகளைக் கலைத்து ஒன்றை எடுத்தார். வருஷத்தை மட்டும் சொன்னார். டெஸ்மண்ட் கூரையைப் பார்த்து யோசித்து, படகுக்கு அடிக்கிற நீலம் என்றான். அட்டையில் நீலம். இன்னொன்று. அது பள்ளிக்கூடச் சமையலறைச் சுவரின் வெண்ணெய் நிறம், ஆவ்ரில் திருடிக் கொடுத்தது என்றான். அட்டையில் ஒருவர் "வெண்ணெய்" என்றும், அடுத்தவர் "அழுக்கு வெள்ளை" என்றும் எழுதியிருந்தார்கள்.

மிஸ் ஹாவர்த் எழுந்தாள். அட்டைகள் வீட்டில் உட்கார்ந்துகூட எழுதப்பட்டிருக்கலாம் என்றாள். அப்படியே உண்மையென்றாலும், வருஷத்தில் ஒரே ஒரு நாள். ஒரு நாள் கூத்துக்காக ஒரு சாலை தேவை என்று சொல்ல முடியுமா?

"கல்யாணமும் ஒரு நாள் கூத்துதான். அதுக்காக ரோட்டையே மூடச் சொல்றாரே உங்க ஆளு," என்றாள் ஆவ்ரில்.

இந்தத் தடவை சிரிப்பை யாரும் அடக்கவில்லை. ஆல்டர்சன்கூடச் சிரித்தார். மாஜிஸ்திரேட்டுகள் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து, சாலையை நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக, ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை காலையைக் குறித்தார்கள்.

சங்கம் முழுவதும் அன்றைக்கு அங்கே போகத் துடித்தது. எண்பது பேர், மஞ்சள் சட்டையில், வரிசையாக. வேண்டாம் என்றாள் ஆவ்ரில். சரி, ரெண்டே ரெண்டு பேர், தற்செயலாக வருகிற மாதிரி என்று டெஸ்மண்ட் பேரம் பேசினான்.

"தற்செயலை நேரம் குறிச்சு வரவழைக்க முடியாது, டெஸ். நான் அந்த கேட்ல உக்காந்து பொய்யா ஒரு கோடு போட்டதில்லை. இனிமேலும் போட மாட்டேன்."

"அப்போ ஒருத்தரும் வரலேன்னா?"

"வரலேன்னா வரலை."

ஒருத்தரும் வரவில்லை. மாஜிஸ்திரேட்டுகள் மூவரும், இரண்டு பக்கத்தாரும், பெட்ஸும் பம்பு அறை முன்னால் நாற்பது நிமிஷம் நின்றார்கள். இப்போது கதவு சாம்பல் கலந்த ஊதா. டெஸ்மண்ட் பேனாக்கத்தியால் கீல் ஓரத்திலிருந்து ஒரு சில்லுப் பெயர்த்து மிஸஸ் ஓல்டேக்கரின் உள்ளங்கையில் வைத்தான். பிஸ்கட் கனம் இருந்தது. ஓரத்தைத் திருப்பிப் பார்த்தால் நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக, வெட்டிய கேக் போல. அவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு கீழிருந்து மேலாக எண்ணினார். படகு நீலத்துக்கு மேல் பச்சை, பச்சைக்கு மேல் வெண்ணெய். அட்டைகளில் இருந்த அதே வரிசை. சில்லைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தார்.

ஆனாலும் சாலை காலியாகத்தான் இருந்தது. ஒரு ரென் குருவி தன் உடம்பைவிடப் பெரிய குரலில் எதையோ கண்டித்துக்கொண்டிருந்தது. ஆல்டர்சன் கடிகாரத்தைப் பார்த்தார்.  ஆவ்ரில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். வளைவில் ஒரே ஒரு சக்கரமாவது தெரியாதா என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டாள், கேட்டதற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டாள்.

கிளம்பும்போது மிஸஸ் ஓல்டேக்கர் கேட்டார்: "இது இல்லேன்னா நீங்க எது வழியா போவீங்க?"

"வாங்க, காட்டறேன்."

லேனின் கீழ்முனையில் பிரிகிற ஒரு சந்து மெயின் ரோட்டில் போய் முட்டுகிறது. அங்கே நடைபாதை கிடையாது. வெள்ளைக் கோடு, ஒரு முழப் புல், பிறகு பள்ளம். மிஸஸ் ஓல்டேக்கர் அந்தப் புல்லில் ஏறி நின்று, கிளன்பாச் எந்தப் பக்கம் என்று கேட்க வாயெடுத்தார். குவாரி லாரி ஒன்று வந்தது. அது வேகமாகக்கூட வரவில்லை, சட்டப்படிதான் வந்தது. அதன் காற்று அவர் கையிலிருந்த தாள்களைப் பிடுங்கி வேலிமேல் எறிந்தது. அவர் இரண்டடி பின்வாங்கி, ஆவ்ரிலின் தோளைப் பிடித்துக்கொண்டார். இடது தோள். அடுத்த லாரி வந்தது. அதற்கடுத்தது. பேசவே இடைவெளி கிடைக்கவில்லை.

"இதுலயா?" என்று கடைசியில் கேட்டார்.

"இதுலதான். இதுல போனாத்தான் எங்களை எண்ணுவாங்க. ஆஸ்பத்திரியில."

இரண்டு வாரம் கழித்துத் தீர்ப்பு தபாலில் வந்தது. மனு தள்ளுபடி. ஹாலின் லேன் பொதுவழியாகவே தொடரும். டெஸ்மண்ட் ஒரு பாட்டில் ஆப்பிள் சைடரோடு வந்து சேர்ந்தபோது, ஆவ்ரில் தீர்ப்பை மேஜையில் வைத்து ஒரு இடத்தில் விரலை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"இதைப் படி."

அவன் படித்தான். "'இச்சாலையின் பயன்பாடு சொற்பமானதாயினும்...' சரி, அதுக்கென்ன? ஜெயிச்சுட்டோம்."

"சொற்பம்னு போட்டிருக்கு."

"தாயே, ஜெயிச்சுட்டோம்."

"மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாலு பேர். அது ஏப்ரல் மட்டும். ஞாயித்துக்கிழமைகளை எண்ணல, குதிரைகளை எண்ணல, உன்னை எண்ணல. இத்தனையும் சொற்பமாம். அந்தப் பக்கம் ஒரே ஒரு ஆளு, ஒரு கூரை போட்டுக்கொடுத்த ஆளு, அவனுக்கு ஒரு ஆசை வந்தது. அதை யாரும் சொற்பம்னு எழுதல."

டெஸ்மண்ட் சைடரைத் திறந்தான். 

ஜூலையில் முதல் சனிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்கு அவள் ஹாலின் லேனில், பழைய கேட்டின்மேல், புது நோட்டோடு ஏறி உட்கார்ந்தாள். இந்த நோட்டில் நாலு பத்திகள் கட்டம் போட்டிருந்தாள்: வண்டி, சைக்கிள், நடை, குதிரை. முதலில் ஒரு தர்மசங்கடம். தன்னை எண்ணலாமா? சைக்கிளில் வந்தவள்தானே. எண்ணாமல் விட்டுத்தானே இத்தனை வம்பும். சைக்கிளுக்குக் கீழே முதல் கோட்டைத் தனக்கே போட்டுக்கொண்டாள்.

பன்னிரண்டு பத்துக்குள் சைக்கிளில் மூன்று பேர், நடந்து ஒருவர். நடந்தவருடைய நாயை எந்தப் பத்தியிலும் சேர்க்க முடியவில்லை.

பன்னிரண்டே காலுக்கு, ஹாலி இலைகளுக்குள் ஓர் இயந்திரச் சத்தம் கேட்டது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பெரிய, ஓசை அடங்கிய, கரும்பச்சைக் கார், புல் நடுவில் உரச மெதுவாக வந்து அவள் எதிரில் நின்றது. கண்ணாடி இறங்கியது. ஆல்டர்சன் கல்யாண உடுப்பில் இருந்தார், கோட்டில் வெள்ளைப் பூ. கோபமே இல்லாத அதே முகம்.

"மறுபடி கணக்கெடுப்பா, மிஸஸ் ட்ரான்ட்டர்? இன்னிக்காவது யாராவது வந்தாங்களா?"

"வந்தாங்க."

"கார் ஏதாவது?"

ஆவ்ரில் பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டாள். வண்டிப் பத்தியில், அவர் பார்க்கும்படியாக, நிதானமாக ஒரு கோடு போட்டாள்.

"நீங்கதான்," என்றாள், காதோடு பேசுகிற குரலில்.

கண்ணாடி ஏறியது. கார் போனது. அது போன திசையில் புழுதி அடங்கி, ரென் குருவி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. ஐந்துக்கு மேல் போனால்தான் தள்ளுபடி, ஒன்று பரவாயில்லை. மணி முடிய இன்னும் முக்கால் மணி இருந்தது. அவள் ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகினாள்.